மலிவாகக் கிடைத்த காணி

வெல்லம்பிட்டியில் எனக்கொரு ஸ்டோர் இருக்கிறது. விற்க முடியாமல் இருக்கிறது என்று சொல்வதே சரி.

புறக்கோட்டையில் வாடகை ஏறிக்கொண்டே போன காலத்தில், கடைக்குப் பின்னால் இருந்த சிறிய ஸ்டோரை விட்டுவிட்டு, அங்கே இருபது பேர்ச்சஸ் வாங்கிக் கட்டினேன். விலை மலிவு. ஏன் மலிவு என்று கேட்கவில்லை. துணி மலிவாகக் கிடைத்தால் பிரித்துத் தடவிப் பார்க்கிறோம். காணியை மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவ, வெல்லம்பிட்டி பகுதிகள் நாட்கணக்கில் நீரில் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நோன்புப் பெருநாளுக்கு ஏழு வாரமளவில்தான் இருந்தது. பெருநாள் வியாபாரத்துக்கு இறக்கிய புடவைக் கட்டுகள் எல்லாம் கீழ்த் தட்டில் இருந்தன. மூன்றாம் நாள் படகில் போய்ப் பார்த்தோம். மிஞ்சியது சேறு. காப்புறுதி தீக்கு இருந்தது, வெள்ளத்துக்கு இல்லை. தவணைப் பணத்தில் மிச்சம் பிடிக்கப் போனதன் பலன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று சொன்னார்: "முதலாளி, இது முந்தி கங்குன் போட்ட எடம். மண் போட்டு மூடிட்டாங்க. தண்ணி இனி எங்க போற?"

அதுதான் கொழும்பின் கதை. மழை பெய்தால் நீர் வந்து தங்கி, மெல்ல வடிவதற்குச் சுற்றிலும் சதுப்பு நிலம் இருந்தது. நமது பாஷையில் சொன்னால் அது நகரத்தின் ஸ்டோர். அன்று அதை வீண் நிலமாகவே நினைத்தார்கள். கொழும்பின் தாழ்நிலங்களை நிரப்பி அபிவிருத்தி செய்யவென்றே 1968ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பிறகு அரசாங்கம் நிரப்பியது பாதி, நம்மைப் போன்றவர்கள் இரவோடிரவாக டிப்பரில் மண் கொட்டியது பாதி.

இன்று எண்ணம் மாறியிருக்கிறது. 2018 ஒக்டோபரில் உலகில் 18 நகரங்களுக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தபோது, அதில் கொழும்பும் ஒன்று. எஞ்சியிருக்கும் சதுப்பு நிலத்துக்குத்தான் அந்தப் பெயர்.

கொள்வனவுக்குச் சிங்கப்பூர் போகிறவர்கள் ஒருமுறை பீஷான் பூங்காவையும் பாருங்கள். கொங்கிரீட் வாய்க்காலாக இருந்த கல்லாங் ஆற்றை 2012இல் மறுபடி வளைந்தோடும் ஆறாக்கினார்கள். மழையில் பூங்காவே ஆறாகிவிடும், வடிந்ததும் பிள்ளைகள் விளையாடுவார்கள். கோலாலம்பூரில் 2007இல் 9.7 கிலோமீற்றர் சுரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் ஒரு பகுதி சாதாரண நாளில் வாகனப் பாதை, பெருவெள்ளத்தில் நீர்ப்பாதை. அந்தளவு பணத்துக்கு நாம் எங்கே போவது? நம்மிடம் மிச்சமிருக்கும் சதுப்பு நிலத்தை மூடாமல் விடுவதற்குச் செலவில்லை. ஆனால், மண் போட்ட காணியை நாம் வாங்கும்வரை மண் போடுகிறவர்கள் நிறுத்தப் போவதில்லை.

இதை ஒரு கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். "நானா, ஹோமாகமவுல ஸ்டோர் வெச்சா டீசல் யார் தாற?" என்றார். நியாயமான கேள்வி. நான் இப்போது ஹோமாகமவில் மேட்டு நிலத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கடையில் நான்கு நாள் சரக்கு மட்டும், கிழமைக்கு இரண்டு தடவை லொறி. செலவு கூடத்தான். 2016இல் போனதோடு வைத்துப் பார்த்தால், பத்து வருட டீசலும் அதற்குக் காணாது.

வெல்லம்பிட்டி ஸ்டோரின் சுவரில் 2016இன் நீர்க்கறை அப்படியே இருக்கிறது. வெள்ளையடித்து விற்கச் சொல்கிறார் தரகர். மனம் ஒப்பவில்லை. குறையை மறைத்து விற்ற காசு யாருக்கு வேண்டும்? கறையைக் காட்டியதும் மூன்று பேர் திரும்பிப் போய்விட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை மறுபடி பெருகியபோது இன்னொரு கறையும் சேர்ந்தது.

போன மாதம் ஒருவர் வந்தார். கட்டடம் வேண்டாமாம், இடித்துவிட்டு லொறி நிறுத்தப் போகிறாராம். இரண்டு கறைகளையும் காட்டினேன். "தண்ணி வந்தா லொறிய எடுத்துட்டுப் போகலாம்தானே" என்றார். கேட்டது பாதி விலை. இன்னும் பேசி முடியவில்லை.