பெருமூச்சு விட்டால் மனம் லேசாவது ஏன்?

முடியாத கணக்கு, அடுத்தடுத்து வரும் போன், எதிரே காத்திருக்கும் வாடிக்கையாளர். நெஞ்சு படபடக்கிறது. ஏன்?

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. ஓடித் தப்பிக்க உதவும் இந்த ஏற்பாடு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சோர்வையே தருகிறது.

தணிப்பது எப்படி? இதயத் துடிப்பை நினைத்தபடி குறைக்க முடியாது, மூச்சை முடியும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். அதனால்தான் வெளிமூச்சு நீண்டால் படபடப்பு அடங்குகிறது.

மூக்கால் ஆழமாக இழுங்கள். அதன்மேல் இன்னொரு சிறு மூச்சு. நுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் காற்றுப் பைகள் விரியும். பிறகு வாயால் மெல்ல, நீளமாகப் பெருமூச்சாய் விடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது.

வேலைப் பளு இதனால் குறையாது. அதைச் சந்திக்கும் மனம் தெளியும். இன்றே வேலைக்கு நடுவில் 5 நிமிடம் உங்களுக்கென ஒதுக்குங்கள்.