குழந்தை நன்றாக இருக்கிறதே, ஏன் ஒரு வருஷ மருந்து?

மூன்று மாதம் முன்பு, இரண்டு மாதப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா என் வைத்தியசாலைக்கு வந்தார். "பூனைக் கிருமியாம் வைத்தியரய்யா. ஒரு வருஷம் இங்கிலீஷ் மருந்து குடுக்கணுமாம். புள்ள நல்லா பால் குடிக்குது, சிரிக்குது. அதை நிறுத்திட்டு நம்ம மருந்தா குடுங்க" என்றார்.

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

'டாக்ஸோபிளாஸ்மா' என்பது 1908-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒட்டுண்ணி. பூனையின் மலம் கலந்த மண், கழுவாத கீரை, சரியாக வேகாத இறைச்சி இவை வழியாக நம் உடம்புக்குள் வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், கருவுக்கும் போகலாம். ஆரம்ப மாதங்களில் கருவுக்குப் போவது குறைவு, போனால் சேதம் அதிகம். கடைசி மாதங்களில் நேர்மாறு. தலையில் நீர் கோப்பது, மூளையில் சுண்ணாம்புப் படிவு, விழித்திரையில் தழும்பு எல்லாம் இதனால் வருபவை.

(ஒரு விஷயம். 'டார்ச்' டெஸ்டில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலே கருவைக் கலைக்க ஓடாதீர்கள். பழைய தொற்றிலும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவாக இருக்கும், தவறாகவும் வரும். 'அவிடிட்டி' என்ற அடுத்த பரிசோதனையைக் கேளுங்கள்.)

சிகிச்சை பலிக்குமா? கர்ப்பிணிக்கு முதலில் ஸ்பைராமைசின் தருவார்கள், கிருமி கருவுக்குக் கடக்காதிருக்க. பனிக்குட நீரில் கிருமி தெரிந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடையசின். 2007-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்றிய 3 வாரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களுக்கு, 8 வாரம் கழித்துத் தொடங்கியவர்களைவிடக் கருவுக்குக் கடந்தது குறைவு. ஆனால் அது பலமான ஆதாரமில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2018-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஸ்பைராமைசின் பிரிவின் 70 கருக்களில் 6-க்கு ஸ்கேனில் மூளைக் கோளாறு தெரிந்தது. மற்ற இரு மருந்தும் சேர்த்துத் தந்த 73-ல் ஒன்றுக்கும் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்க முடியாது. அங்கே தொற்றாத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள். அதனால் சீக்கிரம் பிடிபடுகிறது. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகுதான் தெரிகிறது.

அப்போதும் காலம் போய்விடவில்லை. சிகாகோவில் 1981 முதல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருஷம் மருந்து கொடுத்துத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். மருந்தே இல்லாமலோ ஒரு மாதம் மட்டுமோ பெற்ற முந்தைய தலைமுறைக் குழந்தைகளைவிட இவர்கள் பார்வையிலும் அறிவு வளர்ச்சியிலும் மிக நன்றாக இருந்தார்கள். பிறந்தபோது நோய்க்குறி ஒன்றும் தெரியாத குழந்தைக்கும் பல வருஷம் கழித்துக் கண்ணில் தழும்பு விழலாம். சிரிக்கிற பிள்ளைக்கும் மருந்து அதற்காகத்தான்.

பைரிமெத்தமின் ரத்த அணுக்களைக் குறைக்கும். அதனால் கூடவே ஃபோலினிக் அமிலம்; அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இரண்டையும் விடக்கூடாது. திசுக்களில் உறங்கும் கிருமியை இந்த மருந்துகள் கொல்வதில்லை, ஆகவே மருந்து முடிந்தாலும் கண் டாக்டரிடம் வருஷக்கணக்கில் காட்ட வேண்டும். இதற்கு ஈடான மருந்து என் அலமாரியில் இல்லை. குடும்பத்தோடு சித்த மருத்துவத்தில் ஊறியவன் நான். அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன்.

பேரனுக்கு இப்போது ஐந்து மாதம். மருந்து நிற்கவில்லை. ரத்தம் எடுக்கிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பது அந்த அம்மாதான்.