வீடே மருத்துவமனை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நீலகிரிக்கு வருகிறவர்கள் முதலில் புகழ்வது இம்மலையின் குளிர்ந்த காற்றைத்தான். நம் கல்லூரியில் இருக்கும் கல் பங்களாவைக் கட்டிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனும் அக்காற்றுக்கு மயங்கியவரே. சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஐரோப்பியர்கள் உடல் தேறுவதற்கு ஏற்ற இடம் உதகை என்று 1820களில் அவர் அரசாங்கத்திடம் வற்புறுத்தினார். உதகை நகரம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல காற்று, நல்ல உணவு, நல்ல ஓய்வு ஆகிய மூன்றும் கிடைத்தால் நோய் தானே விலகும் என்பது அக்கால மருத்துவர்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையோடு மிக நெருக்கமாகப் பிணைந்த நோய் ஒன்று உண்டு. அதுதான் காசநோய். எலும்புருக்கி நோய் என்றும் சயரோகம் என்றும் நம் பாட்டிமார் அஞ்சிய நோய் இதுவே. இதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டுபிடித்ததை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். ஆனால் பகைவனின் முகம் தெரிந்தும், அவனை வீழ்த்தும் ஆயுதம் அறுபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஆகவே நோயாளிகளை ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த சானடோரியங்களில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூர் இதற்குப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. சென்னையில் மின்சார ரயிலில் செல்வோர் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் கடக்கிறார்கள்.

எழுந்தது ஒரு கேள்வி

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகள் வந்தன. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. இது மலிவானது, மாத்திரையாக விழுங்கத்தக்கது. உடனே ஒரு கேள்வி பிறந்தது. நோயைக் குணமாக்குவது மருந்து என்றால், நோயாளி ஓராண்டு கட்டிலில் படுத்திருக்க வேண்டுமா? வீட்டில் இருந்தபடியே மருந்து உண்டால் போதாதா?

செல்வர்களுக்கு இது சிறிய கேள்வியாக இருக்கலாம். நம் நாட்டுக்கோ இது உயிர்க் கேள்வி. நோயாளிகள் பல இலட்சம். கட்டில்களோ சில ஆயிரம். கட்டில் இல்லாமல் குணமில்லை என்றால், பெரும்பாலோருக்குக் குணமே இல்லை என்றுதான் பொருள். அதற்காக அவசரப்பட்டு விடை சொல்லவும் முடியாது. ஓட்டைக் குடிசையில், அரை வயிற்றுக் கஞ்சியோடு, ஐந்தாறு பேர் நெருங்கிப் படுக்கும் இடத்தில் மருந்து வேலை செய்யுமா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? இவை நியாயமான அச்சங்களே.

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சேத்துப்பட்டில் உள்ள அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

சீட்டு எடுப்பது ஏன்?

ஆய்வில் சேர்ந்தவர்கள் சென்னையின் நெருக்கமான ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள். இவர்களில் யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பான முறையில் அது முடிவாயிற்று.

'உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்குவதா?' என்று நண்பர்கள் திகைக்கலாம். நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிய உரம் ஒன்றைச் சோதிக்க விரும்புகிறோம். வெயில் படும் மேட்டுச் செடிகளுக்குப் புதிய உரத்தையும், பனி தங்கும் பள்ளத்துச் செடிகளுக்குப் பழைய உரத்தையும் இட்டால், கொழுந்து கூடியது உரத்தாலா, வெயிலாலா என்று யார் சொல்ல முடியும்? தோட்டத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எதற்கு எந்த உரம் என்று சீட்டு எடுத்தால், மேடும் பள்ளமும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும். பிறகு காணும் வேறுபாட்டை உரத்தின் வேறுபாடாகக் கொள்ளலாம். வேளாண்மை ஆய்வில் வளர்ந்த இம்முறையை ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் துணையோடு நடந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948இல் வெளியாயிற்று.

நோயாளிகளும் அப்படித்தான். தெம்பாக இருப்பவர்களை வீட்டுக்கும், நலிந்தவர்களைக் கட்டிலுக்கும் மருத்துவர் அனுப்பினால், வீட்டுச் சிகிச்சையே மேல் என்ற பொய்யான முடிவு வந்துவிடும். மருத்துவரின் இரக்கம்கூட ஆய்வைக் கெடுத்துவிடும். எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாத நிலையில், இரு சாராருக்கும் நல்ல மருந்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டு எடுப்பதே நேர்மை.

இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வீட்டு நோயாளிகள் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். சுகாதாரப் பார்வையாளர்கள் திடீரென்று வீடு தேடிச் சென்று மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்மையில் உள்ளே போயிற்றா என்றும் அறிந்தார்கள்.

கிடைத்த விடை

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. ஓராண்டின் இறுதியில், சானடோரியத்தில் இருந்தவர்களுள் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தவர்களுள் 86 விழுக்காட்டினருக்கும் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்திருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல உணவு உண்டார்கள். எடையும் கூடுதலாகப் பெற்றார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த உணவும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தும் அவர்கள் குணமடைந்தார்கள்! ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு சாராருக்கும் இடையே இருந்த சிறு வேறுபாடும் மறைந்தது.

அஞ்சிய மற்றொன்றும் நிகழவில்லை. வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, சானடோரிய நோயாளிகளின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. காரணம் யாதெனில், நோய் பரவும் ஆபத்து பெரிதும் இருப்பது சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான். முறையான மருந்து உள்ளே சென்ற சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சென்னையின் குடிசைப் பகுதிகள் தந்த இந்த விடை உலகத்தின் மருத்துவ வழக்கத்தையே மாற்றியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காசநோய் புறநோயாளியாகவே குணமாகத்தக்க நோய் ஆயிற்று. வாரம் இருமுறை, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் அதே மையம் சோதித்து 1964இல் வெளியிட்டது. பின்னாளில் உலகெங்கும் பரவிய 'டாட்ஸ்' திட்டத்துக்கு அது ஒரு வித்து.

எங்கள் லைனில்

இந்த ஆய்வைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. என் பெற்றோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்கு இருமல் வந்தது. மழைக்காலச் சளி என்று கஷாயம் குடித்தே ஒன்றரை மாதம் போயிற்று. அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை உண்ணச் சொன்னார்கள்.

லைனில் செய்தி பரவியது. சித்திக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளை எங்கள் வாசலில் விளையாட விடவில்லை. எங்கேயாவது பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று உறவினர் சிலர் அறிவுரை சொன்னார்கள். சித்தி சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "நான் போய்ப் படுத்துக்கிட்டா இந்த அடுப்பை யார் எரிப்பா?"

அவர் வீட்டில் இருந்தே மருந்து உண்டார். இரண்டு மாதம் கழித்து மீண்டும் கொழுந்து எடுக்கச் சென்றார். ஆறாம் மாதம் சளியில் கிருமி இல்லை. குழந்தைகள் இருவரும் நலம். அன்று எனக்குத் தெரியாத ஒன்று இன்று தெரியும்: சித்தியின் அடுப்பு அணையாமல் காத்தவர்களில், 1956இல் சென்னையில் சீட்டுக்குச் சம்மதித்த முகம் தெரியாத 193 பேரும் உண்டு.

காசநோய் டம்ளரால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. நாம் தனியே வைத்தது டம்ளரை அன்று, ஒரு மனிதரை!

விதிக்கு விலக்கு

வீடு போதும் என்பது எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. மிக நலிந்தவர்களுக்குக் கட்டில் வேண்டும். அவர்களைத் தொடக்கத்திலேயே பிரித்தறிய, தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. உயரத்துக்கு மிகக் குறைந்த எடை, கால் வீக்கம், மூச்சு வாங்குதல், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, பிடிமானமின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைப் புறநோயாளிப் பிரிவிலேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள்.

அவ்வாறே, குறைந்த உணவோடும் மருந்து வேலை செய்தது என்பதால் உணவு வேண்டாம் என்று கொள்ளலாகாது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரிடையே நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்கும் சத்துணவு கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளின் உணவுக்கென மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை அடுத்த கேள்வியைப் பிறப்பிக்கிறது. ஆராய்ச்சி என்பதே அதுதானே!

நம் பங்கு

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர். வீடே மருத்துவமனை ஆகும்போது அந்த நான்காம் இடம் நம்முடையதாகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும், இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாமல் ஆறு மாதமும் நினைவூட்டுவதும், அண்டை வீட்டாரின் அச்சத்தைப் போக்குவதும் மருத்துவப் பட்டம் பெற்றவர்தாம் செய்ய வேண்டியவை அல்ல. இம்மலையின் தோட்டங்களிலிருந்தும் ஹட்டிகளிலிருந்தும் இக்கல்லூரிக்கு வரும் நம் ஒவ்வொருவராலும் முடியும். முதல் பட்டதாரியாக ஒரு வீட்டுக்குள் நுழையும் அறிவு, அந்த வீட்டின் இருமலுக்கும் பயன்பட வேண்டும் அன்றோ!