தறி நின்ற நேரத்துக்கும் கூலி

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் களையெடுக்கப் போகிறவர் வாங்குவது கூலி. பக்கத்துச் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர் வாங்குவதும் கூலிதான். அதே ஊர்களில் ஆசிரியரும் வங்கி ஊழியரும் வாங்குவது சம்பளம். தொகை குறைந்தால் கூலி, கூடினால் சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கைதேர்ந்த கொத்தனாரின் ஒரு மாதக் கூலி, சிறிய தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைத் தாண்டிவிடுவதுண்டு. வேலை நின்றுபோனால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் உண்மையான வேறுபாடு. மழைக்கு விடுமுறை விட்டால் அரசு ஆசிரியரின் சம்பளம் குறையாது. களையெடுப்பவருக்கு அன்று ஒன்றுமில்லை.

தறிக்கூடத்தில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். நெய்த அளவுக்குத்தான் கூலி. கரண்ட் போனாலும், அடுத்த பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) வரத் தாமதமானாலும், தொழிலாளி தறியடியிலேயே காத்திருக்க வேண்டும். அந்த நேரம் கணக்கில் வராது. நூல் மட்டமாக இருந்தால் இழை அடிக்கடி அறும், தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். நூலை வாங்கியது அவரல்ல, இழப்பு மட்டும் அவருடையது. 'கூலி' என்பது தாழ்ந்த சொல், 'ஊதியம்' என்று எழுதலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முயற்சிக்குக் கிடைக்கும் பலனை வள்ளுவர் 619-ஆம் குறளில் கூலி என்றே குறிக்கிறார். சொல்லில் இழிவில்லை, ஏட்டில் பெயரை மாற்றினால் நின்ற தறிக்குப் பணம் வந்துவிடாது.

நெய்த அளவுக்குக் கூலி என்றால்தானே கைவேகமுள்ளவர் கூடுதலாகச் சம்பாதிக்க முடியும் என்பது நியாயமான கேள்வி. அந்த முறையை யாரும் ஒழிக்க வேண்டியதில்லை. அளவுக் கூலிக்காரருக்கும் நேரக் கணக்கில் ஒரு குறைந்தபட்சத்தை உறுதிசெய்ய 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வழி வைத்தது; 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வேகத்துக்கு மேல்வரும்படி, தடங்கலுக்கு அடித்தளம் என இரண்டும் சேர்ந்தே நிற்க முடியும்.

நின்ற நேரத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சிறு தறி உரிமையாளர் எங்கே போவார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவை நெய்துகொடுக்கும் அவர் பெறுவதும் கூலியே. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் தறி உரிமையாளர்கள் 2022-இல் தறிகளை நிறுத்திப் போராடியதும் கூலி உயர்வுக்காகத்தான். ஆகவே காத்திருப்புக்கான தொகை உற்பத்தியாளர் தரும் நெசவுக் கூலியிலேயே சேர வேண்டும். பாவு எப்போது வரும், எந்த நூல் வரும் என்று தீர்மானிப்பவர் அவர்தான்.