எரிமலையடியில் பவளத்தோட்டம்

புதுக்கடைக்கு அருகிலுள்ள தேங்காய்ப்பட்டணக் கரையில் நிற்போர் அலைகளையே காண்பர். கடலின் உயிர்வளமோ அலைகளுக்கு அடியில் உள்ளது. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு இதற்குத் தக்க சான்றாகும். இந்தியாவில் இயங்கும் நிலையிலுள்ள ஒரே எரிமலை இதுவே.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அமைதியாக இருந்த இம்மலை 1991இல் மீண்டும் சீறியது. எரிகுழம்பு கடல்வரை பாய்ந்தது. அது குளிர்ந்து இறுகிய கரும்பாறைமீது பவள இளவுயிரிகள் ஒட்டி வளர்ந்தன; அவற்றை நாடி மீன்களும் வந்தன.

தீவில் இறங்கத் தடை உண்டு. இசைவு பெற்றோர் வழிகாட்டியின் துணையுடன் சுற்றுக்கடலில் மூழ்கிக் கொம்புத் திருக்கைகளையும் பவளங்களையும் காண்கின்றனர். அவர்கள் எதையும் தொடலாகாது. எரிகுழம்பு என்றோ ஒருநாள் பாய்கிறது. அழிந்ததை இயற்கை மீட்டுக்கொள்கிறது. நாள்தோறும் மிதிக்கும் கால்களோ அதற்குக் காலம் தருவதில்லை.