முள்ளுக் கூரைக்குள்ளே ஒரு கலைக்கூடம்

சிவகாசியில் வெயில் இல்லேன்னா பட்டாசு காயாது. அங்கே வளர்ந்த எனக்கு, சிங்கப்பூர் மரினா விரிகுடா ஓரம் எஸ்பிளனேடைப் பார்த்ததும் வந்த முதல் சந்தேகம்: கண்ணாடிக் கூரையாச்சே, உள்ளே வெந்து போகாதா?

பதில் அந்த முட்களில் இருக்கு. டுரியான் பழம் மாதிரி தெரியும் அவை, 7,000-க்கும் மேற்பட்ட முக்கோண அலுமினிய மறைப்புகள். வெயில் விழும் திசையைப் பார்த்து, இடத்துக்கு இடம் சாய்வை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் வரும், நேர் வெயில் விழாது.

2002-இல் திறந்த இந்த வளாகத்தில் சுமார் 1,600 இருக்கை இசையரங்கும் 2,000 இருக்கை நாடக அரங்கும் உண்டு. டிக்கெட் கேட்பாங்களோன்னு வாசலில் தயங்கினேன். யாரும் கேட்கலை. ஜெண்டெலா ஓவியக்கூடத்துக்குக் கட்டணமே கிடையாது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு 'ஜன்னல்' என்று அர்த்தம்.

காலண்டர் படம்தான் ஓவியம்னு வளர்ந்தவன், அங்கே ஒரு மணி நேரம் நின்னேன்.