மூடியைக் கழற்றினாலும் விழாத ஃபோர்க்

புதுவகை சைக்கிள்களில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் உச்சியில் ஒரு சின்ன வட்ட மூடி இருக்கும். நடுவில் ஓர் அலன் போல்ட். ஃபோர்க்கைத் தாங்குவதே அந்தப் போல்ட்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை, மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாலும் ஃபோர்க் இம்மியும் இறங்காது. எனக்குச் சைக்கிளில் மிகப் பிடித்த சூட்சுமம் இது.

ஃபோர்க்கின் குழாய், ஃபிரேமின் ஹெட் டியூபுக்குள் மேலும் கீழும் கப்புகளில் உள்ள பால்ஸ்களில் சுழல்கிறது. துளியும் ஆட்டம் இருக்கக்கூடாது. ஆனால் தடையின்றித் திரும்ப வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, மேல் கப்புக்கும் ஃபிரேமுக்கும் இடையே விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விரலே சொல்லிவிடும். நேராகவே ஓட்டுவதால் இந்தப் பால்ஸ் முழுச் சுற்றுச் சுழல்வதே இல்லை. ஒரே இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து கிரீஸைப் பிதுக்கித் தள்ளி, கப்பில் குழிகளை உண்டாக்குகின்றன. நேர்ப்பாதையில் ஹேண்டில் 'டக்'கென்று சிக்கி நிற்பது இதனால்தான்.

நம் தெருக்களில் ஓடும் கறுப்பு ரோட்ஸ்டர் உள்ளிட்ட பழைய வண்டிகளில் ஃபோர்க் குழாயின் மேல்முனையில் மரை வெட்டியிருக்கும். 1 அங்குலக் குழாய் என்றால் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை. மேல் கப்பே ஒரு நட்டுபோலத் திருகி இறங்கிப் பால்ஸை அழுத்தும். அதன்மேல் லாக் நட். லாக் நட்டை இறுக்கும்போது மரையின் இடைவெளி அளவுக்குக் கப் கீழே தள்ளப்படும் என்பதால், நல்ல மெக்கானிக் முதலில் ஒரு மயிரிழை தளர்த்தியே விடுவார். அது கையில் ஏறிய கணக்கு. ஹேண்டிலின் தண்டு 22.2 மி.மீ. பருமனில் குழாய்க்குள் இறங்கி, அடியில் உள்ள ஆப்பு இறுகியதும் நிற்கும். உயரம் கூட்ட வேண்டுமானால் போல்ட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் போதும். மரையில்லாப் புதுமுறையில் பொதுவாக இந்த வசதி இல்லை.

1990-களின் தொடக்கத்தில் ஜான் ரேடர் வகுத்த மரையில்லா முறையை டயா-காம்ப் நிறுவனம் 'அஹெட்செட்' என்ற பெயரில் பரப்பியது. குழாய்க்குள் நட்சத்திர வடிவ நட்டு ஒன்றைச் செருகி, மூடியின் போல்ட்டை அதில் திருகுகிறோம். குழாய் மேலே இழுபட, ஸ்டெம் கீழே அமுங்கி, பால்ஸ்மேல் அளவான அழுத்தம் ஏறுகிறது. பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்கியதும் ஸ்டெம் குழாயை வெளியிலிருந்து கவ்விக்கொள்கிறது. அதோடு மூடியின் வேலை முடிந்தது. ஸ்டெம்மைத் தளர்த்தாமல் மூடியை மட்டும் முறுக்குகிறவர்கள் ஆட்டத்தைச் சரிசெய்வதில்லை, மரையைத்தான் கெடுக்கிறார்கள்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் லாபம். மரைக்குழாய் என்றால் ஒவ்வொரு ஃபிரேம் உயரத்துக்கும் தனி நீளம் வேண்டும். இதில் ஒரே நீளக் குழாயை வேண்டிய இடத்தில் அறுத்துக்கொள்ளலாம். மரை வெட்டினால் குழாயின் சுவர் அங்கே மெலியும். கார்பன் குழாயில் மரை வெட்டவே முடியாது.

ஆக, பழைய வண்டியை மரையில்லா முறைக்கு மாற்றுவதா வேண்டாமா? ஹெட் டியூப்தான் முடிவு செய்யும். 1 அங்குல ஃபிரேமில் இப்போது பரவலாகக் கிடைக்கும் 28.6 மி.மீ. குழாய் நுழையாது. 1 அங்குல மரையில்லா ஃபோர்க் உண்டு, தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய ஃபோர்க் நேராக இருந்து, புதுவகை ஸ்டெம் மட்டும்தான் ஆசையென்றால், 22.2 மி.மீ. துளையில் இறங்கி மேலே 28.6 மி.மீ. தண்டாக நிற்கும் அடாப்டரை வாங்குங்கள். பால்ஸையும் கிரீஸையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஃபோர்க்கே வளைந்திருந்து, ஃபிரேமும் 28.6 மி.மீ. ஏற்குமானால் தயங்காமல் மரையில்லாததற்குப் போகலாம். மேல் கப்பு முதலான பாகங்கள் கொண்ட ஹெட்செட்டும் அதற்குரியதாக மாற வேண்டும்.

குழாயைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஃபோர்க்கின் உயரம். பழைய ஃபிரேமில் சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டி, முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தாலே ஹெட் டியூபின் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி சாய்ந்துவிடும். வண்டி வளைவில் சோம்பலாகத் திரும்பும், சீட்டும் பின்னுக்குச் சரியும். கடைக்குப் போகுமுன் பழைய ஃபோர்க்கில் சக்கர அச்சிலிருந்து கீழ்ப் பால்ஸ் வளையம் உட்காரும் இடம்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.